சூப்பர்ஹீரோ படங்கள் வந்தபிறகு நம்ம வடசென்னை ஏரியா தியேட்டரில் உங்களுக்கு நடந்தது என்ன?

ராயபுரம் கப்பல் கணக்கர்:

சூப்பர்ஹீரோ படங்கள் நல்ல சினிமாவைக் கெடுத்துவிட்டனவா என்று போன வாரம் ஆபீஸ் கேன்டீனில் பெரிய விவாதம். ஆளாளுக்குக் கருத்து சொன்னார்கள். தன் கண்ணால் பார்த்ததை ஒருவரும் சொல்லவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். முதலில் நான்.

2019 ஏப்ரல். ரொம்ப நாளாக எதிர்பார்த்திருந்த ஒரு சின்னத் தமிழ்ப் படம் வெளியானது. எங்களுக்கு மாதக் கடைசி என்றால் துறைமுக பில் எல்லாம் தலைமேல் வந்து உட்காரும். அடுத்த சனிக்கிழமை போய்க்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்தச் சனிக்கிழமை மனைவியோடு போய் நின்றால், அத்தனை ஸ்கிரீனிலும் அவெஞ்சர்ஸ் எண்ட்கேம். முந்தின நாள், 26-ம் தேதிதான் வந்திருக்கிறது. கவுன்டரில் இருந்த பையன், "சார், நீங்க கேக்கறதை வியாழக்கிழமையோட தூக்கிட்டாங்க" என்றான். பாவம், அவன் என்ன செய்வான்.

வந்ததற்கு அதையே பார்த்தோம். மூன்று மணி நேரப் படம். அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல், வசனம் ஏ.ஆர். முருகதாஸ். கடைசியில் அயர்ன்மேன் சாகும்போது முன் வரிசையில் ஒரு சின்னப் பையன் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். என் மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் படத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் ஒரு காட்சிகூட இன்னொரு படத்துக்குக் கிடையாதா என்பதுதான் என் ஆற்றாமை. அந்தச் சின்னப் படத்தைப் பல மாதம் கழித்து, கொருக்குப்பேட்டை லைனில் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டே போனில் பார்த்தேன். பாதிதான் பார்த்தேன். எடுத்தவர்களுக்கு நான் செய்த அநியாயம் அது என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

அதே ஆண்டுதான் ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி, அவெஞ்சர்ஸ் மாதிரியான மார்வெல் படங்கள் சினிமாவே இல்லை, தீம் பார்க் மாதிரி என்று சொல்லி உலகம் முழுக்கப் பேச்சானது. பிறகு நியூயார்க் டைம்ஸில் அவரே விளக்கமாக ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்தபோது ஒன்று கவனித்தேன். அவருடைய வருத்தத்தில் பெரிய பங்கு ஸ்கிரீன் கிடைக்காததைப் பற்றியது. அவருடைய ஐரிஷ்மேன் படமே நெட்ஃபிளிக்ஸ் பணத்தில் எடுக்கப்பட்டு, தியேட்டரில் கொஞ்ச நாள்தான் ஓடியது. அவ்வளவு பெரிய மனிதருக்கே அந்தக் கதி என்றால், இங்கே இரண்டாவது படம் எடுக்கிற ஒரு பிள்ளைக்கு என்ன ஆகும்?

தண்டையார்பேட்டை ஆபரேட்டர்:

தம்பி, நான் 1983-லிருந்து தியேட்டர் புரொஜெக்டர் கேபினில் நின்றவன். நீங்கள் சொன்ன ஒரு வாரக் கணக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஃபிலிம் காலத்தில் ஒரு படம் என்றால் ஒரு ரீல் பெட்டி. 1000 அடி ரீல் ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 14 ரீலாவது வரும். ஒவ்வொரு பிரின்ட்டுக்கும் தனியாகப் பணம் என்பதால் கணக்குப் பார்த்துத்தான் போடுவார்கள். சில நேரம் இரண்டு தியேட்டருக்கு ஒரே பெட்டி. அந்த இன்னொரு தியேட்டரில் அரை மணி முன்னால் காட்சியைத் தொடங்குவார்கள். ஓடி முடித்த ரீல்களை ஒரு பையன் டி.வி.எஸ். 50-ல் கட்டி எடுத்துவருவான். ரயில்வே கேட் மூடிவிட்டால் எங்கள் வயிற்றில் புளி கரையும். ஒருமுறை மழையில் கேட்டில் மாட்டிக்கொண்டான். இங்கே இடைவேளை 25 நிமிடம். ஜனங்கள் விசில் அடித்து ஓய்ந்து, பிறகு முறுக்கு வாங்கித் தின்ன ஆரம்பித்துவிட்டார்கள். அவன் வந்து சேர்ந்ததும் பெட்டி நனைந்திருக்கிறதா என்று பார்த்தேன். தன் சட்டையைக் கழற்றிப் பெட்டியைச் சுற்றியிருந்தான்.

அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய படமானாலும் ஊரில் உள்ள எல்லாத் திரையையும் ஒரே நாளில் பிடிக்க முடியாது. பெட்டியே இருக்காது. அதனால் சின்னப் படத்துக்கும் மூச்சுவிட இடம் இருந்தது. 1999 டிசம்பரில் சேது படம் வந்தபோது வாங்க ஆள் இல்லை. ஒரு புறநகர்த் தியேட்டரில் பகல் காட்சி மட்டும்தான் முதலில் கிடைத்தது. பார்த்தவர்கள் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லியே அது 100 நாள் தாண்டியது. இன்றைக்கு அப்படி ஒரு படம் வந்தால் அந்த வாய்வழிப் பேச்சு தெருமுனையைத் தாண்டுவதற்குள் படம் போய்விடும்.

டிஜிட்டல் வந்தபிறகு பெட்டியும் இல்லை, பையனும் இல்லை. ஒரே படத்தை எத்தனை திரையில் வேண்டுமானாலும் போடலாம். முதல் மூன்று நாள் வசூல்தான் எல்லாம் என்று ஆகிவிட்டது. திங்கட்கிழமை டி.சி.ஆர்., அதாவது தினசரி வசூல் கணக்கைப் பார்த்து முடிவெடுத்துவிடுவார்கள். இதை மார்வெல்தான் செய்தது என்று சொல்ல மாட்டேன். நம் பெரிய நடிகர்களின் படங்களும் அதைத்தான் செய்கின்றன. ஆனால் பண்டிகைக்கு மட்டும் வந்துகொண்டிருந்த கூட்டத்தை வருஷம் முழுக்கக் கொண்டுவந்தது அந்தப் படங்கள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2002-ல் ஸ்பைடர்மேன் தமிழ் பேசி வந்தபோது நான் ஓட்டியிருக்கிறேன். காட்சி முடிந்ததும் பிள்ளைகள் காம்பவுண்டுச் சுவரில் ஏற, வாட்ச்மேன் கம்போடு ஓடுவார். அந்த வசூலில் எங்களுக்குச் சம்பளம் தேதி தவறாமல் வந்தது. அதையும் மறைக்கக் கூடாது. இப்போது அதெல்லாம் எங்கே? 1967-ல் திறந்த அகஸ்தியா தியேட்டரை 2020-ல் மூடினார்கள். பெரம்பூர் பிருந்தா 2025-ல் போனது. மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது, சரி. ஆனால் இரவுக் காட்சி விட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேசியபடியே வீட்டுக்கு நடந்துபோன கூட்டம் கலைந்துபோய்விட்டது.

காசிமேட்டுப் பெண்:

அண்ணா, ஐயா, இரண்டு பேரும் சொல்வதைப் படித்தேன். என் அனுபவம் வேறு.

எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்பா பகலில் வீட்டில் இருப்பது அப்போதுதான். வலையைப் பிரித்துப்போட்டுத் தைத்துக்கொண்டிருப்பார். கையில் காசு இருக்காது, ஆனால் நேரம் இருக்கும். எண்ட்கேம் வந்தது சரியாக அந்தத் தடைக்காலத்தில். ஒரு டிக்கெட் ஏறக்குறைய 200 ரூபாய். ஐந்து பேரையும் கூட்டிப்போனார். எங்கள் குடும்பம் மொத்தமாகத் தியேட்டருக்குப் போனது அதுதான் கடைசி. அப்பாவுக்குக் கதை பாதி புரியவில்லை. சுத்தியல் வைத்திருப்பவரை மட்டும் ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டுக்கு வந்து வலைக்கு ஈயக்குண்டு கட்டும்போது அவரைப் போலவே கையை நீட்டிக் காட்டினார்.

இப்போது நல்ல சினிமா விஷயம். எங்கள் ஊரைப் பற்றி வந்த தரமான படங்கள் என்று நீங்கள் சொல்லும் படங்களில் எல்லாம் எங்கள் வீட்டு ஆண்கள் கையில் கத்திதான் இருக்கிறது. அவை நன்றாக எடுத்த படங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலேஜில் சேர்ந்த முதல் நாள், காசிமேடு என்று சொன்னதும் பக்கத்தில் இருந்த பெண், "அந்தப் படத்துல வர்ற ஏரியாவா? பயமா இருக்காதா?" என்று கேட்டாள். 2018-ல் வடசென்னை படம் வந்தபோது எங்கள் மக்கள் சில காட்சிகளுக்கு எதிர்ப்புச் சொன்னார்கள். இயக்குநர் வருத்தம் தெரிவித்து ஒரு காட்சியை நீக்கினார். அந்தப் பெருந்தன்மையை மதிக்கிறேன். எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். என் அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு மீன் ஏலத்துக்குப் போகிறவர். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, இருட்டில், தனியாக. அவரை நான் எந்தப் படத்திலும் பார்க்கவில்லை.

பிளாக் பேந்தர் என்ற சூப்பர்ஹீரோ படத்தை டிவியில் தமிழில் பார்த்தேன். ஆரம்பத்தில் அமெரிக்காவில் ஓக்லாந்து என்ற ஊரில், அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நடுவே பையன்கள் பந்து விளையாடுவார்கள். ஓக்லாந்தும் துறைமுக ஊர்தான். இயக்குநர் ரையன் கூக்லர் பிறந்த ஊரே அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதே ஊர் ரயில் நிலையத்தில் போலீஸ் சுட்டுக் கொன்ற ஓர் இளைஞனைப் பற்றித்தான் 2013-ல் தன் முதல் படத்தை எடுத்திருக்கிறார். சின்னப் படம். அதை எடுத்தவர்தான் இதையும் எடுத்தார். அதனால் சூப்பர்ஹீரோ படம் என்றாலே வெற்றுப் படம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஒப்பவில்லை. சொந்த ஊர்க்காரர்களைத் தலைநிமிர்ந்து நிற்கவைத்துப் படம் எடுக்கப் பணம் வேண்டும். அவருக்கு அது கிடைத்தது.

வியாசர்பாடி உதவி இயக்குநர்:

தங்கச்சி சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனால் அந்த அம்மாவின் கதையைக் கொண்டுபோனால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

என் தாத்தா பின்னி மில் தொழிலாளி. நெசவுப் பிரிவு. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது அந்த மில் ஆட்களை வைத்துத்தான். திரு.வி.க. கூட இருந்து வளர்த்த சங்கம். தாத்தா சங்க அட்டையைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். தறிச் சத்தத்தில் முப்பது வருஷம் நின்று காது போய்விட்டது. உள்ளே யாரும் வாயால் பேசிப் பயனில்லை என்பதால் கையால்தான் பேசுவார்களாம். வீட்டிலும் அப்படியே. சோறு போதும் என்றால் உள்ளங்கையைக் கவிழ்ப்பார். 1996-ல் மில்லை மூடினார்கள். பிறகு அந்த இடத்தில் வருஷக்கணக்காக சினிமா ஷூட்டிங் நடந்தது. ஹீரோ பத்துப் பேரைத் தூக்கி அடிக்கும் சண்டைகளை அங்கே எடுக்கும்போது நான் ஜூனியர் அசிஸ்டென்டாக கிளாப் அடித்திருக்கிறேன். தாத்தா நின்ற தறி எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று தேடிக்கொண்டே இருப்பேன்.

அந்தக் கதையை ஒரு சினிமா கம்பெனியில் சொன்னேன். 2023 கடைசி. முழுதாகக் கேட்டார்கள், அதற்கு நன்றி. முடித்ததும் ஒருவர் கேட்டார்: "தாத்தாவுக்குக் காது கேக்கலைங்கிறதை ஒரு பவரா மாத்தலாமா? யாருக்கும் கேக்காதது அவருக்குக் கேக்குது. மாவீரன் படத்துல ஒரு குரல் கேக்குமில்ல, அந்த மாதிரி. பார்ட் டூவுக்கும் லீட் வச்சுக்கலாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஓடிடி, சாட்டிலைட் என்று விற்றுக்காட்ட வேண்டியவர் அவர்தான். விக்ரம் படம் 2022-ல் கைதி படத்தோடு கதையைக் கோத்துக் காட்டி ஜெயித்தபிறகு, இது எந்தக் கதையோடு சேரும் என்ற கேள்வி எல்லா அறையிலும் இருக்கிறது. அன்று ராத்திரி உட்கார்ந்து அப்படி ஒரு வடிவத்தையும் எழுதிப்பார்த்தேன். பத்துப் பக்கம் வந்தது. காலையில் எடுத்துப் படித்தால் அதில் தாத்தா இல்லை. அவருக்குக் காது போனதற்குக் காரணம் அந்தத் தறிச் சத்தம். அதைச் சக்தியாக மாற்றிவிட்டால் மில் செய்த கொடுமை வரமாகிவிடுகிறது. பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.

பாதிப்பு எங்கே என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். படம் தியேட்டருக்கு வருவதற்கு முன்னால், கதை சொல்லும் அறையிலேயே அது தொடங்கிவிடுகிறது. அப்படியும் தப்பிப் பிழைத்த படங்களைப் பாருங்கள். கூழாங்கல் 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. நம் ஜனங்கள் அதைப் பார்த்தது 2023-ல், ஓடிடியில். நம் மண்ணின் குத்துச்சண்டையைச் சொன்ன சார்பட்டா பரம்பரை கொரோனா காலத்தில் நேராக ஓடிடிக்குப் போனது. அந்தப் படத்துக்கு நம்ம ஏரியா தியேட்டர் எப்படி அதிர்ந்திருக்கும்!

புளியந்தோப்பு அம்மா:

அந்த உதவி இயக்குநர் தம்பிக்கு ஒரு வார்த்தை. மாவீரனைக் குறையாக நினைக்க வேண்டாம். குடிசையை எடுத்துவிட்டு அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட ஜனங்கள், கை வைத்தால் உதிரும் சுவர், அதைக் கேட்கப் பயப்படும் ஒரு பையன். 2021-ல் எங்கள் பக்கத்து அடுக்குமாடிச் சுவர் தொட்டாலே பெயர்ந்த செய்தி எல்லா டிவியிலும் வந்தது. நான் போய்க் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன், மணல் மணலாக வந்தது. படத்தில் அந்தக் காட்சி வந்ததும் என் பக்கத்தில் இருந்த பெண்மணி, "ஐயோ, இது நம்ம வீடுடி" என்றார். குரல், சக்தி எல்லாம் இருந்தாலும் அந்தச் சுவர் பொய் இல்லை.

தண்டையார்பேட்டை ஆபரேட்டர்:

உதவி இயக்குநர் தம்பி, என் மச்சான் பின்னி மில்லில் மூடும் நாள்வரை வேலை பார்த்தவர். நெசவுதான். அவருக்கும் காது மந்தம். அந்தக் கைப்பேச்சு அவருக்கு மறக்கவில்லை. நூல் அறுந்துவிட்டது, மேஸ்திரி வருகிறார், டீ வந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சைகை உண்டு. என் பேத்திக்கு நாலைந்து கற்றுக்கொடுத்திருக்கிறார். உங்கள் பதிவை அவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சோறு போதும் என்று உள்ளங்கையைக் கவிழ்க்கும் இடம் வந்ததும், படிக்காதே, இரு என்று என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானும் கவிழ்த்துக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். காசிமேட்டுப் பாப்பா, உங்கள் அம்மா ஏலம் முடித்து வந்தபிறகு அவருக்கு நேரம் இருந்தால் அவரையும் கூட்டிவாருங்கள். தம்பி அவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.