தியா போர்ட்டர் ஜாக்கெட், கஃப் பட்டு இத்துப்போகுது. என்ன செய்யலாம்?

ஊசிநூல்: லண்டன்ல பழைய உடுப்புச் சந்தையில போன மாசம் எடுத்தேன். உடுப்பு டிசைனர் தியா போர்ட்டரோட லேபிள் இருக்கு. முன்பக்கம் பழைய சரிகைத் துணி, இன்னும் ஜம்முனு மின்னுது. கஃப்ல, அதாவது கை முனைப் பட்டையில, வெச்ச காபிப்பொடி நிறப் பட்டுதான் வம்பு. மடிப்பு விழற இடமெல்லாம் பிளேடால கீறின மாதிரி கோடு. தொட்டா விரல்ல பொடி ஒட்டுது. ரெண்டு தையல் போட்டுப் பார்த்தேன், ஊசி போன ஓட்டையிலிருந்தே மேல கிழிஞ்சது. “பூச்சி அரிச்ச சட்டைக்கு இவ்வளவு காசா”ன்னு வீட்டுக்காரர் சிரிக்கறார். காப்பாத்த முடியுமா?

பழம்பட்டு: முதல்ல ஊசியைக் கீழ வைங்க. இது பூச்சி வேலை இல்ல. பட்டு இழை மேல இயற்கையா இருக்கற பசையை எடுத்தா எடை கால்வாசி வரைக்கும் குறையும். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட வெள்ளீய உப்புல முக்கிக் கனமாக்கி வித்தாங்க. 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில இது சர்வசாதாரணம். பட்டும் மொறமொறன்னு நல்லாத்தான் விழும். ஆனா வெளிச்சம் படப்பட அந்த உப்பே இழையை முறிச்சிடும்.

தியா போர்ட்டர் லண்டன் சோஹோ கிரீக் ஸ்ட்ரீட்ல கடை திறந்தது 1966ல. ஜெருசலேம்ல பிறந்து டமாஸ்கஸ்ல வளர்ந்தவங்க. பழந்துணியை வெட்டிப் புது உடுப்பு தைக்கறது அவங்க கைவந்த கலை. அதனால உங்க ஜாக்கெட்டுக்கு ஒரு வயசு, கஃப்புக்கு வேற வயசு. துவைக்காதீங்க, டிரை கிளீனிங்கும் வேண்டாம். ஹேங்கர்ல தொங்க விடாம படுக்க வைங்க. பட்டு கிரெப்லின்னு வலை மாதிரி மெல்லிய துணி கிடைக்கும். அதை மேல போர்த்தி, சுத்தி இருக்கற கெட்டித் துணியில மட்டும் தையல் பிடிங்க.

மோரிஸ்பிரியை: என்கிட்ட இருக்கறது லண்டன் கிங்ஸ் ரோடுல இருந்த ‘கிரானி டேக்ஸ் எ டிரிப்’ உடுப்புக்கடை காலத்து ஸ்டைல் கோட்டு, வில்லியம் மோரிஸ்ங்கற பழைய ஆங்கில டிசைனரோட பூப்போட்ட திரைத்துணியில தைச்சது. பருத்தி, கல்லு மாதிரி கிடக்கு. நானா இருந்தா கஃப்பைக் கழட்டிப் புதுப்பட்டு வெச்சு, ஜாலியா போட்டுட்டுத் திரிவேன்.

பழம்பட்டு: கழட்டினா அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. டிஷ்யூ பேப்பர்ல வெச்சு, ஜாக்கெட்டோடயே கொடுங்க. இல்லேன்னா நாளைக்கு விக்கறப்போ விலை படுத்துடும்.

ஊசிநூல்: ஒரு கஃப்பை மட்டும் ஓரமா பிரிச்சுப் பார்த்தேன். உள்ள மடிச்ச பக்கம் வெளிச்சமே படாத இடம். அங்க காபிப்பொடி நிறமே இல்லீங்க, பளிச்சுன்னு கத்திரிப்பூ நிறம்! வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிரெப்லின் ஆர்டர் போட்டாச்சு.