பொருள்: "செயற்கைக் குருதி"க்கு மாற்றுச் சொல்

அன்புடையீர்,

மூளை அறுவை சிகிச்சை பற்றிய கட்டுரைகளில் "செயற்கைக் குருதி" என்றே எழுதிவருகிறோம். சொல் தவறு. குருதிக்குப் பதிலாகச் செலுத்தும் இப்பொருள்களில் தட்டணு இல்லை, வெள்ளணு இல்லை, உறைதல் காரணிகளும் இல்லை. ஆக்சிஜனைச் சுமந்துபோய்த் திசுவில் விடுவது ஒன்றுதான் வேலை. "ஆக்சிஜன் கடத்தி" என்றால் மின்கடத்தி குறுக்கே வரும். "ஆக்சிஜன் ஏந்தி" சரியா?

*

> "ஆக்சிஜன் ஏந்தி" சரியா?

இலங்கையில் "நோய்க்காவி" (நோயைச் சுமந்து பரப்பும் உயிரி) பழகிய சொல். அந்த வழியில் "ஒட்சிசன் காவி" என்றாலே விளங்கிவிடும்.

*

> "ஒட்சிசன் காவி"

நல்ல வேர்தான். ஆனால் தமிழ்நாட்டில் காவி என்றால் வேட்டியின் நிறமே முன்னால் நிற்கும்! ஏந்தியே இருக்கட்டும். என் தயக்கம் வேறு: பெர்ஃப்ளூரோகார்பன், ஹீமோகுளோபின் என்ற இரண்டு வகைக்கும் ஒரே பெயர் போதாது.

ஃப்ளூரினும் கார்பனும் சேர்ந்த திரவமான பெர்ஃப்ளூரோகார்பன் ஆக்சிஜனைப் பிணைப்பதில்லை, கரைத்துக்கொள்கிறது. கரையும் அளவு ஆக்சிஜனின் பகுதியழுத்தத்துக்கு நேர்விகிதம். இவ்வகையைச் சேர்ந்த பெர்ஃப்ளூரோடெக்கலின் தூய நிலையில் 100 மி.லி. இருந்தால், அதில், தூய ஆக்சிஜன் 1 வளிமண்டல அழுத்தத்தில் இருந்தால், சுமார் 40 மி.லி. கரையும், அறைக்காற்றில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான். நோயாளி ஏறத்தாழ 100% ஆக்சிஜன் சுவாசிக்காவிட்டால் ஏற்றியது வீண். நீரில் கலக்காத இதை அப்படியே ஏற்றினால் நாளம் அடைபடும், அதனால்தான் நுண்துளிகளாக நீரில் பரப்பிப் பால்மமாக்குகிறார்கள். துளி 0.1–0.2 மைக்ரோமீட்டர், சிவப்பணுவோ 7–8. மூளையில் புடைத்த தமனிக்குக் கிளிப் போடும்போது, புடைப்புக்குக் குருதி கொண்டுவரும் தமனியைச் சிறிது நேரம் மூடுவார்கள். அப்போது சிவப்பணு போதாத நுண்குழாய்களிலும் இத்துளிகள் புகும் என்பதே எதிர்பார்ப்பு.

ஹீமோகுளோபின் வகை அறைக்காற்றிலேயே ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சிவப்பணுவுக்கு வெளியே உலவும் ஹீமோகுளோபின், நாளத்தை விரித்துவைக்கும் நைட்ரிக் ஆக்சைடை விழுங்கும், நாளம் சுருங்கும். மூளையுறைக்கு அடியில் கசிந்த குருதியின் ஹீமோகுளோபினே நாளச் சுருக்கத்துக்குக் காரணமாகும்போது, அதே பொருளை வெளியிலிருந்து சேர்ப்பதற்கு மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

எனவே முன்னதற்குக் கரைத்தேந்தி, பின்னதற்குப் பிணைத்தேந்தி. பெயரைப் பார்த்தாலே எதற்கு ஆக்சிஜனைக் கூட்ட வேண்டும், எதில் நாளச் சுருக்கத்துக்கு அஞ்ச வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

*

> கரைத்தேந்தி

"குருதியில் கரைந்து ஏந்துவது" என்று படிக்க இடமிருக்கிறது. நடப்பது நேர்மாறு. அந்த மயக்கம் 1989இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃப்ளூவோசால் என்ற பெர்ஃப்ளூரோகார்பன் மருந்தைப் பற்றிப் பேசும்போதே வந்துவிடும்: உறைநிலையில் வைத்து, உருக்கி, பிற கரைசல்களோடு கலந்து தர வேண்டிய பால்மம் அது. இதய நாள விரிப்புக்கே ஒப்புதல், மூளைக்கு அல்ல. 1994இல் சந்தையிலிருந்தும் போய்விட்டது.

சொல்லை ஏற்கிறேன், விளக்கத்தோடு:

கரைத்தேந்தி (பெயர்): ஆக்சிஜனைத் தன்னுள் கரைத்து ஏந்தும் செயற்கைச் சேர்மம். தான் குருதியில் கரையாது, பால்மமாகவே செலுத்தப்படும். உடலில் சிதையாமல் பெரும்பாலும் மூச்சு வழியே வெளியேறும்.

"பால்மம்" என்பதற்குத் தனிப்பதிவும் வேண்டும். அதை யார் எழுதுகிறீர்கள்?