கஜா: தார்ப்பாய் கேட்ட பதிவுக்கு ஒரு புதுப்பிப்பு

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, அதில் அடிபட்ட ஒரு ஊருக்காகத் தார்ப்பாயும் பழைய துணியும் கேட்டு எழுதியிருந்தேன். அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. ஏழு மாதம் கழித்துப் போன வாரம் அதே ஊருக்குப் போய் வந்தோம்.

துணி கேட்டது என் தப்பு. பாதி மூட்டை பிரிக்காமலே ஒரு கொட்டகையில் மக்கிக் கிடந்தது. தார்ப்பாய்தான் உழைத்திருக்கிறது. வெயிலில் நூல் நூலாகப் பிரிந்தும், இரண்டு வீட்டுக்கு இன்னும் அதுதான் கூரை. கீற்று வேயலாமே என்று கேட்டுவிட்டேன். "தென்னையே இல்லை, கீற்றுக்கு எங்க போறது தம்பி?" என்றார் அந்த வீட்டு அக்கா. விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தவே நிவாரணப் பணத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டதாம். புதுக் கன்று வைத்திருக்கிறார்கள். நெட்டை ரகம், காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அதுவரை இடையில் உளுந்து, கடலை.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நாம் கொடுத்த நோட்டுகள் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அக்காவின் மகள் மட்டும் காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே புத்தகப் பையைத் தூக்கி அரிசி டிரம்முக்குள் வைத்து மூடிவிடுகிறாள். நான் இருந்தபோதே இரண்டு தடவை.

சரி, அடுத்த வேலை: ஐப்பசி மழைக்கு முன் அந்த இரண்டு வீட்டுக்கும் சிமெண்ட் ஷீட் போட வேண்டும். கொத்தனார் உள்ளூர்க்காரர், பேசியாகிவிட்டது. துணி மட்டும் அனுப்பாதீர்கள்.