பழைய லேப்டாப்பில் ஸ்க்ரோல் திக்குகிறது: எஸ்.பி. ரோட்டில் நல்ல ரேம் எங்கே கிடைக்கும்?

பெங்களூரு நண்பர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள்.

லேப்டாப் விவரம்: சிபியு ஐ5-3320எம், அதே சிப்பில் உள்ள கிராஃபிக்ஸ் இன்டெல் எச்டி 4000, எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. ரேம் 4 ஜிபி, ஒரே ஸ்டிக். பக்கத்தை உருட்டினால் எழுத்து விட்டுவிட்டு நகர்கிறது. கீழ்ப்பாதி வெள்ளையாக நின்று, பிறகுதான் நிரம்புகிறது.

டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தது; சரியான கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லாதபோது விண்டோஸ் போடும் பொது டிரைவர் அது. அப்படியென்றால் வரைகிற வேலை மொத்தமும் சிபியு தலையில்தான். இன்டெல் டிரைவர் போட்டு, குரோமில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை (வரைகிற வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்புக்குத் தருவது) ஆன் செய்ததும் பாதி சரியானது. யூடியூப் திணறலுக்குக் காரணம் வேறு: யூடியூப் அனுப்பும் விபி9 வீடியோ வடிவத்தை டிகோட் செய்யும் வசதி இந்தச் சிப்பில் கிடையாது. சிப்புக்குத் தெரிந்த எச்.264 வடிவத்தை மட்டும் யூடியூபிடம் கேட்கும் எக்ஸ்டென்ஷன் போட்டாச்சு.

மிச்சக் குறை ரேமில்தான் என்று படுகிறது. தனி வீடியோ மெமரி இல்லாததால் கிராஃபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்கு போடுகிறது. டிடிஆர்3-1600 வகை ரேம் ஒரு ஸ்டிக்கில் விநாடிக்கு 12.8 ஜிபி டேட்டா வரை கடத்தும், ஜோடியாகப் போட்டால் 25.6. சூடு 70 டிகிரியைத் தாண்டவில்லை, அதனால் சிபியு மேல் சூடு கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றத் தேவையில்லை.

எஸ்.பி. ரோட்டில் 4 ஜிபி லேப்டாப் ரேம், டிடிஆர்3எல் (1.35 வோல்ட் வகை), பழசானாலும் கண்ணெதிரே டெஸ்ட் செய்து தரும் கடை தெரியுமா? இப்போது உள்ளது 1.5 வோல்ட் ஸ்டிக், அதோடு 1.35 வோல்ட் ஸ்டிக்கைச் சேர்த்து ஓட்டியவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள்.