எத்தனை மூர்த்தி?

குறைந்த பொருள்களோடு நெடுநாள் பயணம் சென்றவர்கள் வழியில் சந்தித்த மனிதர்களைப் பற்றி எழுதுமாறு இங்கே கேட்டிருந்ததால் இதை எழுதுகிறேன். நானும் என் வீட்டுக்காரரும் பணி ஓய்வு பெற்ற ஆண்டில், 2018 நவம்பரில், மத்தியப் பிரதேசத்தில் உள்ள ஓங்காரேஷ்வரில், நர்மதை ஆற்றின் தென்கரையில் சங்கல்பம் செய்துகொண்டு நர்மதைப் பரிக்கிரமாவைத் தொடங்கினோம். அமர்கண்டகத்தில் பிறந்து 1,312 கி.மீ. மேற்கே ஓடிப் பரூச்சுக்கு அப்பால் கடலில் சேரும் அந்த ஆற்றை எப்போதும் வலப்புறம் வைத்துக்கொண்டு, எங்கும் குறுக்கே கடக்காமல், ஒரு கரையில் போய் மறு கரையில் திரும்புவதுதான் பரிக்கிரமா. முகத்துவாரத்தில் மட்டும் படகு உண்டு. மழைக்காலத்தில் தங்கித் தங்கி நடக்கும் பழைய முறையில் இது 3 ஆண்டு, 3 மாதம், 13 நாள் நீளும். எங்களைப் போன்றவர்கள் ஐந்தாறு மாதங்களில் முடித்துவிடுகிறார்கள்.

தொடங்கியபோது எங்கள் இரண்டு பைகளும் சேர்ந்து 21 கிலோ இருந்தன. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, காப்பிப்பொடி, ஒரு சிறிய குக்கர், ஆளுக்கொரு கம்பளி, நான்கு சேலை என்று, ஆறு மாதத்துக்குக் குடித்தனம் பெயர்வதுபோல் கட்டிக்கொண்டு போயிருந்தோம். அந்த வழியில் யாத்திரிகர்களை ஆள் கணக்கில் எண்ணுவதில்லை, மூர்த்தி, அதாவது தெய்வ வடிவம், என்றே எண்ணுவார்கள். ஆசிரமத்து வாசலில் "நர்மதே ஹர்" என்று குரல் கொடுத்தால், "எத்தனை மூர்த்தி?" என்று உள்ளேயிருந்து கேட்பார்கள், அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப உலையில் அரிசி விழும். மூன்றாம் நாள் மாலை ஓர் ஆசிரமத்தில் "இரண்டு மூர்த்தி" என்று நாங்கள் பதில் சொல்ல, அங்கே கோதுமை புடைத்துக்கொண்டிருந்த வயதான சாது எங்கள் பைகளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எனக்கு நான்கு தெரிகிறதே, மாதாஜி" என்றார். கேலிதான். ஆனால் அன்றிரவு தோள்பட்டையில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது அது கேலியாகப் படவில்லை.

அடுத்த சந்திப்பு பட்வானிக்கு அருகே ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில். பரிக்கிரமாவாசிகளுக்குச் சமைத்த உணவு தர முடியாத வீடுகள் ஆட்டா, பருப்பு, உருளைக்கிழங்கு, உப்பு, மிளகாய் என்று ஒரு வேளைக்கான மளிகையைக் கொடுப்பார்கள். அதற்குச் சதாவிரதம் என்று பெயர். அங்கே பருத்திக்காட்டு விவசாயி ஒருவரின் மனைவி முறத்தில் ஆட்டாவைக் கொண்டுவந்து கொட்டினார். எங்களுக்கு வேண்டியதைவிட அது கூடுதலாக இருந்ததால், மீந்ததை நாளைக்கு ஆகும் என்று நான் ஒரு பையில் போட்டுக் கட்டத் தொடங்கினேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு நீங்கள் போகிற ஊரிலும் என்னைப்போல் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் கொடுக்க வேண்டியதை நீங்கள் இங்கிருந்தே சுமந்துகொண்டு போனால் அவள் என்ன செய்வாள்?" என்று கேட்டார். மூட்டை கட்டுவதில் இன்னொருத்தியின் முறையைப் பறிப்பதும் அடங்கியிருக்கிறது என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கள் வீட்டில் அரிசிப் பானை அடி தட்டினால் என் அம்மாவுக்குத் தூக்கம் வராது. அந்த வளர்ப்புதான் எனக்கும்.

மறுநாளே பட்வானி அஞ்சலகத்துக்குப் போய், கடையில் துணி வாங்கித் தைத்து, 9 கிலோ பார்சலாக ஊருக்கு அனுப்பினோம். குக்கர் போயிற்று, பொடிகள் போயின, இரண்டு சேலைகள் போயின. உறங்க விரிப்பும் போர்த்த சால்வையும் போதும் என்ற துணிச்சலில் கம்பளிகள் இரண்டும் போயின. மீந்த இரண்டு சேலைகளில் ஒன்று உடம்பில் இருக்கும், துவைத்த மற்றொன்றின் முனைகளை நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தால் அரை மணி நேரத்தில் உலர்ந்துவிடும். (காப்பியை விட்டதற்காக ஒன்பது நாள் தலைவலி இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.)

இவ்வளவு தூரம் எழுதியது அந்தக் கம்பளிகளைப் பற்றிச் சொல்லத்தான். பட்வானியைத் தாண்டியதும் சாத்புரா மலை ஏறுகிறது. சூல்பாணிக் காடு என்று அழைக்கப்படும் அந்தப் பகுதியில் பீல் பழங்குடி மக்களின் குடிசைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தனித்தனியாக இருக்கும். டிசம்பர் நடுவில் ஓரிரவு, இருட்டிவிட்டதால் வழியில் தென்பட்ட ஒரு குடிசையில் இடம் கேட்டோம். மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவர், மூலையில் மக்காச்சோளக் குதிர், நான்கைந்து பாத்திரங்கள், இரண்டு ஆடுகள். சோள ரொட்டியும் உளுந்தம்பருப்பும் கொடுத்துவிட்டு, பழந்துணிகளை அடுக்கித் தைத்த தடித்த கோத்ரி ஒன்றை எங்கள்மேல் போட்டார்கள். விடியற்காலையில் நான் வெளியே வந்தபோது அந்த வீட்டுப் பிள்ளைகள் மூவரும் அணைந்துகொண்டிருந்த நெருப்பைச் சுற்றி, ஆட்டின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இருந்ததே அந்த ஒரு கோத்ரிதான்.

என் பை இலேசானதைப் பற்றி அதற்கு முந்தைய ஒரு வாரமாக எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்தக் காலைக் குளிரில் அந்தப் பெருமையை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போயிற்று. தட்காவ் சந்தையில் முதல் வேலையாக இரண்டு கம்பளிகள் வாங்கினோம், பை மறுபடியும் கனத்தது, என் வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

* * *

மேலே எழுதிய அம்மையார் நடந்த அதே காட்டை நான் 1996இல் கடந்திருக்கிறேன். அப்போது சூல்பாணிக் காட்டில் வழிமறித்து உடைமைகளைப் பறித்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. பறிப்பவர்களை யாத்திரிகர்கள் "மாமா" என்றே அழைப்பார்கள். பற்றை விடச் செய்வதற்காக நர்மதை அன்னையே அவர்களை அனுப்புகிறாள் என்று விளக்கமும் சொல்வார்கள். என்னிடம் வில்லோடு வந்த நால்வர் போர்வை, பாத்திரம், அரிசி, சட்டை, செருப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை மட்டும் அவர்களில் ஒருவன் போட்டுப் பார்த்துத் தலை சுற்றியதால் திருப்பிக் கொடுத்தான். நர்மதை நீர் வைத்திருந்த குப்பியையும் தொடவில்லை. இரண்டு மணி நேரம் இடுப்புத் துண்டோடு நடந்து சேர்ந்த ஊரில் ஒரு கிழவி கூழ் ஊற்றி, பழைய வேட்டி ஒன்றையும் கொடுத்தாள். அவளும் பீல் இனத்தவளே.

அன்னை அனுப்பினாள் என்ற விளக்கம் எனக்கு அன்றும் ஒப்பவில்லை. என் அரிசியை எடுத்தவர்கள் என் ஞானத்துக்காக எடுக்கவில்லை, பசிக்காக எடுத்தார்கள். விரும்பித் துறந்தவனுக்கு ஊர் திரும்பினால் வங்கிக் கணக்கு இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: எல்லாம் போன பிறகுதான் மக்கள் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டார்கள், அதற்கு முன்பு திண்ணையோடு சரி.

* * *

மேலே எழுதிய ஐயாவுக்கு நன்றி. நாங்கள் போனபோது பறிப்பு ஏதும் இல்லை. மாறாக, அந்தக் காட்டுக்குள்ளேயே யாத்திரிகர்களுக்குத் தேநீரும் உணவும் தரும் குடில்கள் இருந்தன. பட்வானி அருகே ஆட்டா கொடுத்த அம்மாள் பிறகு என்ன ஆனார் என்று இங்கே சிலர் கேட்டிருந்தீர்கள். நாங்கள் மே மாதம் ஓங்காரேஷ்வரில் சுற்றை முடித்து, ஆற்றைக் கடந்து தீவில் இருக்கும் ஜோதிர்லிங்கத்துக்கு நீர் வார்த்துத் திரும்பினோம். அந்த ஆண்டு செப்டம்பரில் நர்மதையின் குறுக்கே உள்ள சர்தார் சரோவர் அணை முதன்முறையாக முழு மட்டமான 138.68 மீட்டர் வரை நிரம்பியபோது அந்த அம்மாளின் ஊரின் தாழ்வான தெருக்கள் நீருக்குள் போயின. தொலைபேசியில் பேசினேன். தகரக் கொட்டகையில் இருப்பதாகவும், பரிக்கிரமா வழி இப்போது சற்று மேலே தள்ளிப் போவதால் காலையில் அந்த வழிக்கே போய் நின்றுகொள்வதாகவும் சொன்னார். ஆட்டா எங்கிருந்து வருகிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நாங்கள் அனுப்பிய பார்சலை எங்கள் மகள் பிரிக்காமலேயே பரண்மேல் வைத்திருந்தாள். அதைப் பிரிக்கும் முன் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று நானும் என் வீட்டுக்காரரும் சொல்லிப் பார்த்தோம். ஆறு மாதத்தில் குக்கரைக்கூட மறந்திருந்தோம். இருவருக்கும் முதலில் நினைவுக்கு வந்தவை அந்தக் கம்பளிகள்தாம்.