தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நிதி திரட்டுகிறோம்: பணம் எதற்குப் போவது நல்லது?

கேள்வி

வணக்கம். சென்ற ஆண்டு என் தந்தை ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 41 நாட்கள் இருந்து பிழைத்து வந்தார். அத்தனை இரவுகளையும் என் தாயார் பிரிவுக்கு வெளியே, ஒரே இரும்புச் சட்டத்தில் மூன்று மூன்றாகப் பொருத்திய நாற்காலிகளில் உட்கார்ந்தே கழித்தார். இருக்கைகளுக்கு நடுவே கைப்பிடிகள் இருந்ததால், கால் நீட்டிச் சாயக்கூட வழியில்லை. உள்ளே அப்பாவுக்குக் கிடைத்த கவனிப்பில் குறை சொல்ல எங்களுக்கு ஒன்றுமில்லை.

அந்த நன்றிக்காக உறவினரும் நண்பர்களும் சேர்ந்து அந்தப் பிரிவுக்கு நிதி திரட்ட எண்ணியிருக்கிறோம். ஆனால் வீட்டுக்குள்ளேயே கருத்து ஒன்றுபடவில்லை. பெரியப்பா ஒரு வென்டிலேட்டர் வாங்கிக் கொடுத்து, அதில் குடும்பத்தின் பெயரைப் பொறிக்கலாம் என்கிறார். மருத்துவமனை தன் பொறுப்பில் செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று தம்பி கேட்கிறான். அம்மாவோ அங்குள்ள செவிலியர்களுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்கிறார். சம்பளம் வாங்கும் ஊழியர்களுக்காகப் பொதுமக்களின் நன்கொடையைச் செலவிடுவது முறைதானா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 (மருத்துவமனை அறக்கட்டளை ஒன்றின் அறங்காவலர்)

உங்கள் தந்தை நலம் பெற்றது அறிந்து மகிழ்ச்சி. தம்பியின் கேள்வியே அடிப்படையானது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

மருந்து, அறுவை சிகிச்சை, சம்பளம் ஆகியவை மருத்துவமனையின் நிலையான வருவாயிலிருந்து நடக்க வேண்டியவை. அவற்றை நன்கொடையின் தலையில் ஏற்றினால், வசூல் குறைந்த ஆண்டில் சிகிச்சையே ஆட்டம் கண்டுவிடும். விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1962இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை, சிகிச்சைக்காகக் குடும்பங்களுக்கு பில் அனுப்புவதில்லை. ஆனால் அதற்காகப் பணம் திரட்டவென்றே ஒரு தனி அமைப்பு, மருத்துவமனை திறப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே தொடங்கப்பட்டுவிட்டது. அத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில் நன்கொடையின் வேலை வேறு. நோயாளியின் ஒரு நாளில் சிகிச்சை நடக்கும் நேரம் கொஞ்சம், காத்திருக்கும் நேரமே மிகுதி. அந்தக் காத்திருப்புக்கு எந்த பில்லிலும் தலைப்பு கிடையாது. உங்கள் தாயார் உட்கார்ந்திருந்த நாற்காலி அங்கேதான் வருகிறது.

வென்டிலேட்டர் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். விலையைக் கொடுத்ததோடு ஒரு கருவியின் செலவு முடிவதில்லை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், உதிரி பாகங்கள், வடிகட்டிகள், இயக்கத் தெரிந்த ஆள் என்று அது ஓடும் காலமெல்லாம் செலவு தொடரும். வளம் குறைந்த 16 நாடுகளின் மருத்துவமனைக் கருவிகளைப் பற்றி 2011இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ ஐந்தில் இரண்டு கருவிகள் பழுதாகிக் கிடந்ததைக் காட்டியது. ஆகவே பெரியப்பாவின் யோசனையை ஏற்பதற்கு முன்னால், இதை யார் பராமரிப்பார்கள் என்று மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் ஆலோசனை இதுதான்: பணத்தை எந்தப் பொருளுக்கும் கட்டிவைக்காமல் “இந்தப் பிரிவின் தேவைகளுக்கு” என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வாங்கிய நன்கொடையை வேறு எதற்கும் எடுக்க முடியாது என்பதால், தேவை மாறிய பிறகும் அந்தத் தொகை அப்படியே முடங்கிக் கிடப்பதை நான் கண்டிருக்கிறேன்.

பதில் 2 (தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்)

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் கேட்பது முறையானதுதான் என்று நான் சொன்னால் சுயநலமாகத் தோன்றலாம், ஆனாலும் சொல்கிறேன்.

நான் முன்பு வேலை செய்த ஒரு பிரிவில் ஊழியர்களுக்கு ஓய்வறை கிடையாது. பன்னிரண்டு மணி நேர இரவுப் பணிக்கு நடுவே, துவைத்த படுக்கை விரிப்புகள் அடுக்கிய அறையில் மூட்டை ஒன்றின் மீது உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒரு நோயாளி இறந்து, அவர் மனைவிக்கு நான் செய்தி சொல்லிவிட்டு வந்த இரவும் அங்கேதான் பத்து நிமிடம் நின்றேன். பிறகு அடுத்த படுக்கைக்குப் போனேன். அடுத்த படுக்கையில் இருப்பவர் என் கையில் நல்ல கவனிப்பைப் பெற வேண்டுமானால், அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு கதவும் ஒரு நாற்காலியும் தேவை. ஊழியருக்குச் செய்யும் செலவு நோயாளியைச் சென்று சேரும் வழி இதுவே.

2020இல் இங்கிலாந்தில் நூறாவது பிறந்தநாளை நெருங்கிக்கொண்டிருந்த கேப்டன் டாம் மூர், தம் தோட்டத்தில் நடைவண்டியைப் பிடித்தபடி 100 முறை நடந்து நிதி திரட்டினார். 1,000 பவுண்டு இலக்கு வைத்தவருக்கு 3 கோடி பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. மருத்துவமனை அறக்கட்டளைகள் வழியாகச் சென்ற அந்தப் பணம் ஊழியர்களின் ஓய்விடங்களுக்கும் மன ஆலோசனைக்கும் உதவியது. இதற்கு முன்பே, போஸ்டன் வழக்கறிஞர் கென்னத் ஷ்வார்ட்ஸ் 1995இல் நுரையீரல் புற்றுநோயால் இறப்பதற்குச் சற்று முன், தமக்கு மருத்துவர்களும் செவிலியர்களும் காட்டிய பரிவைப் போற்றி வளர்க்க ஒரு மையத்தை நிறுவினார். மருத்துவர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை ஒன்றாக உட்கார்ந்து தங்கள் பணியின் மனச்சுமையைப் பேசும் கூட்டங்களை அந்த மையம் பரப்பியது. அதுவும் ஒரு நோயாளியின் நன்றியில் பிறந்ததுதான்.

ஒரு விதி மட்டும் உண்டு. பணமாகவோ தனிப்பட்ட பரிசாகவோ எந்த ஊழியருக்கும் கொடுக்காதீர்கள். கொடுப்பது எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

இன்னொன்று, செலவு மிகக் குறைந்தது: நோயாளி நாட்குறிப்பு. மயக்க நிலையில் இருப்பவரின் படுக்கையருகே ஒரு நோட்டு வைத்து, அன்று என்ன நடந்தது, யார் வந்தார்கள் என்று செவிலியரும் குடும்பத்தாரும் எழுதி வைப்போம். பிழைத்தவர்கள் பலருக்கு அந்த நாட்கள் நினைவில் இருப்பதில்லை, அல்லது கெட்ட கனவுகளாகவே நிற்கின்றன. நோட்டைப் படிக்கும்போதுதான் நடந்தது எது, கனவு எது என்று தெளிகிறது. உங்கள் தந்தைக்கும் அந்த 41 நாட்களில் இப்படி ஓர் இடைவெளி இருக்கக்கூடும்.

பதில் 3 (குறைமாதக் குழந்தையின் தாய்)

அறங்காவலர் ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்க விரும்புகிறேன். எங்கள் குழந்தை 28 வாரத்தில் பிறந்து இரண்டு மாதத்துக்கு மேல் இன்குபேட்டரில் இருந்தாள். அவள் வீடு வந்தபின், நாங்களும் பிற பெற்றோரும் திரட்டிய பணத்தை “தேவைக்கேற்ப” என்று சொல்லி அந்த மருத்துவமனையிடம் கொடுத்தோம். அது பொதுக் கணக்கில் சேர்ந்துவிட்டது; என்ன ஆயிற்று என்று இரண்டு முறை கடிதம் எழுதியும் பதில் இல்லை. கணக்குக் காட்டும் வழக்கம் இருக்கும் இடத்தில்தான் நோக்கத்தைத் திறந்து விடலாம். இல்லாத இடத்தில் நோக்கத்தை எழுதிக் கொடுத்து, ஆறு மாதத்தில் செலவு விவரம் வேண்டும் என்றும் கேளுங்கள்.

குடும்பத்தாருக்கு எது தேவை என்பதையும் அனுபவத்தில் சொல்கிறேன்: மருத்துவமனைக்கு அருகில் தங்க ஓர் இடம். நோயுற்ற குழந்தைகளின் பெற்றோர் தங்குவதற்காக 1974இல் ஃபிலடெல்ஃபியாவில் திறந்த ஒரு வீடு பிறகு பல நாடுகளுக்கும் பரவியதற்குக் காரணம், அந்தத் தேவை எங்கும் ஒன்றுபோல் இருப்பதுதான். நான் மூன்று மணிக்கொருமுறை தாய்ப்பால் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு இருந்த இடம், தாழ்ப்பாள் விழாத ஒரு கழிப்பறை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பால் எடுத்திருக்கிறேன். அன்று எனக்குத் தேவைப்பட்டது ஒரு தாழ்ப்பாளும் ஒரு நாற்காலியும்தான்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று அந்தப் பிரிவின் தலைமைச் செவிலியரைச் சந்தித்துக் கேட்டேன். வென்டிலேட்டர் போதுமான அளவு இருக்கிறது என்றார். சாய்ந்து படுக்கக்கூடிய நான்கு நாற்காலிகள், ஊழியர் அறைக்கு ஒரு கட்டில், நாட்குறிப்புக்கான நோட்டுகள் ஆகிய மூன்றையும் கேட்டார். நோக்கத்தை எழுதிக் கொடுப்பது, மிஞ்சும் தொகையைப் பிரிவின் விருப்பத்துக்கு விடுவது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். நாற்காலியில் பெயர் பொறிக்க வேண்டாம் என்று பெரியப்பாவே சொல்லிவிட்டார்.

நாட்குறிப்பைப் பற்றி அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தண்ணீருக்குள் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல ஒரு நினைவு இருக்கிறதே, அது என்ன என்று முதன்முறையாகக் கேட்டார். அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் நாளிலிருந்து சொல்லத் தொடங்கியிருக்கிறார்.