பொங்கல் வாரத்து வானிலையும் நம் வடிவாய்க்காலும்

ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிற மூன்று குடும்பமும் என்னிடம் தனித்தனியாகக் கேட்டுவிட்டீர்கள், மழை இருக்குமா என்று. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். அப்புறம் வயல் தண்ணீர் வடிகிற நம் வடிவாய்க்காலைத் தூர்வாரத் தேவைப்படும் பணம் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

போகிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இப்போதைக்கு நாகைக் கரையில் வாடை நன்றாக வீசுகிறது, வானம் தெளிவு. இனி வரும் ஐந்து நாளும் வறண்ட வானிலைதான். பகலில் 28, 29 டிகிரி, விடியற்காலையில் 21, 22. அதற்குப் பிறகும் போகி, பொங்கல் வரை பெரிய மழைக்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை. நியூஜெர்சித் தம்பி, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும், அதுவும் காலையில் கோலம் பார்க்க வாசலுக்கு வரும்போது மட்டும்தான். திருச்சியில் இறங்கி ராத்திரியோடு ராத்திரியாக வண்டியை விடாதே. மன்னார்குடி தாண்டினால் வயல் நடுவே பனிமூட்டம் பால் மாதிரி நிற்கும். எட்டு மணிக்கு வெயில் ஏறினால்தான் விலகும். மாமியார் வீட்டில் படுத்துவிட்டு விடிந்து கிளம்பு.

இவ்வளவு நல்ல வாரம் என்று தெரிந்ததால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

மார்கழி பிறந்த வாரம் அப்பா திதிக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஒரு நாள் காலையில் வடிவாய்க்கால் கரையோடு மதகு வரைக்கும் நடந்தேன். வாய்க்காலில் தண்ணீரே கண்ணில் படவில்லை. ஆகாயத்தாமரை கரைக்குக் கரை ஒட்டிக் கிடக்கிறது. அதன் மேல் ஒரு கொக்கு நடந்து போகிறது, கால்கூட நனையவில்லை. மதகுக்கு முன்னால் இரண்டு பக்கமும் நெய்வேலிக் காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து வாயை மூடிவிட்டது. ஒரு மூங்கில் கழியை உள்ளே விட்டுப் பார்த்தேன். இரண்டு அடிக்குக் கீழே சேறு. நாம் சின்னப் பிள்ளையில் ஊத்தாக் கூடை வைத்து விரால் மீன் பிடித்த இடம் அது, கழுத்தளவு தண்ணீர் ஓடிய இடம்.

கோடையில் தூர்வாரினார்களே என்று கேட்பீர்கள். வாரினார்கள்தான். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் முடிக்கிற வேலை அது. தண்ணீர் வந்ததும் தாமரையும் கூடவே வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்து வந்ததெல்லாம் கடைமடையான நம் ஊரில்தான் வந்து தங்கும்.

சம்பா இப்போது கதிர் முற்றி நிற்கிறது. தை பாதியில் அறுப்பு. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு முடிந்துவிடும் என்று நம்ப முடியாது. கிழக்கிலிருந்து வரும் காற்று அலை ஒன்று இலங்கைப் பக்கம் வந்து நின்றால் இரண்டு நாள் போதும். 2021 பொங்கலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள், டெல்டா முழுக்கப் பானை வைக்கவே இடம் இல்லாமல் கொட்டியது. 2023இல் பிப்ரவரி முதல் வாரம், தை 18, 19 தேதி, அறுக்கிற நேரத்தில் மறுபடியும் வந்தது. ஐந்து நாளைக்கு மேல் போனால் கணிப்பு வெறும் சாடைதான். பொங்கல் கழிந்த அடுத்த வாரத்துக்கு யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஷார்ஜா மாமா, நீங்கள் கணக்குக் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். முதலில் மழைக் கணக்கு. ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டர் பெய்தால் கனமழை. அது ஒரு ஏக்கரில் விழுந்தால் 2,60,000 லிட்டருக்கு மேல், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 22 லாரி. நம் வாய்க்காலை நம்பி இருப்பது 300 ஏக்கர். பெருக்கிப் பாருங்கள். அவ்வளவும் அந்த ஒரு மதகு வழியாகத்தான் போயாக வேண்டும்.

இனி பணக் கணக்கு. வாய்க்காலை வார ஹிட்டாச்சி, அதாவது மண் அள்ளும் வண்டி, மணிக்கு 1,600 ரூபாய், 40 மணி நேரம், 64,000. மதகு வாயில் இறங்கி வெட்ட ஆட்கூலி 15,000. மொத்தம் 79,000. சங்கக் கணக்கில் 31,000 இருக்கிறது. பாக்கி 48,000. இருபத்து நான்கு பேர், ஆளுக்கு 2,000. கஜா புயலுக்குப் பிறகு வசூலித்த பணத்தில் தார்ப்பாய் வாங்கிய ரசீது இரண்டு இன்னும் வரவில்லை என்று நீங்கள் எழுதியதும் சரிதான். அதை நானும் மஸ்கட் அண்ணனிடம் கேட்டிருக்கிறேன், அவரே பதில் எழுதட்டும். ஆனால் 2018 ரசீது வந்தால்தான் இந்தப் பணம் என்று நிறுத்தி வைக்காதீர்கள் மாமா. உங்கள் நான்கு மா நிலமும் அந்த மதகுக்கு மேலேதான் இருக்கிறது.

கீழத்தெரு பெரியப்பா எழுதியதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பணம் கேட்டு மடல் போடுவது ஊருக்குக் குறைச்சல், நம் தாத்தாக்கள் வீட்டுக்கு ஒரு ஆளாக இறங்கி வெட்டினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உண்மை. என் தாத்தாவும் இறங்கினார். இன்றைக்கு உங்கள் தெருவில் பதினொரு வீட்டில் ஏழு பூட்டிக் கிடக்கிறது. மண்வெட்டி பிடிக்க வேண்டிய கையெல்லாம் சிங்கப்பூரிலும் ஷார்ஜாவிலும் இருக்கிறது, அதனால்தான் பணமாகக் கேட்கிறேன். ஊர் எல்லையில் வளைவு கட்டலாம் என்கிறீர்கள், அதற்கும் நான் எதிரி இல்லை. அது அடுத்த வருஷமும் கட்டலாம்.

இன்னொன்று. எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 2021இல் எங்கள் ஆறு மா நிலத்துப் பயிர் சாய்ந்து நான்கு நாள் தண்ணீரில் கிடந்தது. அப்பா ஒரு கதிரை அறுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்து திண்ணையில் போட்டார். ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் எறும்பு முட்டை மாதிரி வெள்ளையாக முளை. தேறியதைக் களத்தில் காய வைத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனால் ஈரப்பதம் அவர்கள் வழக்கமாக வாங்குகிற அளவான 17 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. அந்த நான்கு நாளில் ஒரு ஆயில் இஞ்சினை இரவல் கேட்டு மூன்று தடவை ஒரு வீட்டுக்கு நடந்தார். இஞ்சின் கொட்டகையில் சும்மா இருந்தது. யார் வீடு என்று எழுத மாட்டேன், அந்த வீட்டுக்குத் தெரியும். அவர்கள் வயலும் இந்த வாய்க்காலில்தான் வடிகிறது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் வெட்டப் போகிறோம், அதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. வராத தண்ணீருக்காக அப்பா திண்ணையில் உட்கார்ந்து அழுததும் உண்டு, வடியாத தண்ணீருக்காக அழுததும் உண்டு. இரண்டையும் பார்த்தவன் நான்.

வேலை இந்த வாரத்திலேயே நடக்க வேண்டும். போகிக்கு முந்தின நாளே வண்டி ஓட்டுகிற பையன்கள் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள், காணும் பொங்கல் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் திரும்புவார்கள். அதற்குப் பிறகு பெல்ட் மெஷின், டயர் மெஷின் எல்லாம் அறுப்புக்கு இறங்கிவிடும், கரையில் ஹிட்டாச்சி நிற்க வழி இருக்காது. வெயில் இருக்கிற இந்த ஐந்து நாள்தான் கரை காய்ந்து வண்டியைத் தாங்கும்.

வண்டிக்காரர் வியாழன் ராத்திரிக்குள் பதில் கேட்டிருக்கிறார். பணம் சங்கக் கணக்குக்கே அனுப்புங்கள், எனக்கு வேண்டாம். அனுப்பியவர்கள் இந்த மடலுக்குக் கீழேயே தொகையை எழுதுங்கள், மாமா கூட்டிக்கொள்ளட்டும். என் 2,000 நேற்றே போட்டுவிட்டேன், அம்மா தன் பங்காகக் கொடுத்த 500 தனி. ஊரில் இருக்கும் சித்தப்பா தினமும் சாயந்திரம் மதகடியில் நின்று படம் எடுத்து அனுப்புவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.